முடிச்சக்காவின் சாக்பீஸ் கோடு

காரை ஓட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நூறு பேர் இருப்பார்கள். பழைய காரை ஒரு கீறல் விழாமல் டிரெய்லரில் ஏற்றி, கட்டி, ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் இறக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி எண்ணத் தொடங்கினால் முதல் விரலை முடிச்சக்காவுக்குத்தான் மடக்கவேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் அவற்றோடு மல்லுக்கட்டும் மெக்கானிக்குகளுக்கும் அவள் முடிச்சக்கா. கட்டிய கணவருக்கு வெறும் முடிச்சு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் முடிச்சே போடுவதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்சல் கிடங்கில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் இது. டிரெய்லர் வேலைக்கு வந்தபிறகு கயிற்றைத் தொட்டதில்லை. இரண்டு அங்குல அகலமுள்ள நைலான் பெல்ட், அதை இறுக்க ராட்செட் என்று ஓர் இரும்புப் பிடி. பிடியை மேலும் கீழும் ஆட்டினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் டிக் டிக்கென்று ஒவ்வொரு பல்லாக நகர்ந்து பெல்ட்டை உள்ளே இழுக்கும். இறுக்கி முடித்ததும் மிஞ்சும் வாலை நாலாக மடித்து பெல்ட்டுக்கு அடியில் சொருகிவிடுவாள். முடிச்சு மட்டும் கூடாது. கேட்டால், "முடிச்சு போட்டா ஒண்ணு தானா அவிழும், இல்ல அவுக்கும்போது அவிழாது. ரெண்டுமே தலைவலி" என்பாள்.

பத்தொன்பது வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்கிற தொழில் இது. அதற்கு முன் அவர் ஒரு கம்பெனியில் கார் ஏற்றும் லாரி ஓட்டினார். யாரோ அரைகுறையாகக் கட்டிவிட்ட கார் வளைவில் சரிந்து விழ, பழி ஓட்டியவர் தலையில் விடிந்தது. வேலை போய், ஒரு வாரம் சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் அவள்தான் போய் நின்றாள். "நீங்க ஓட்டுங்க. கட்டுறத நான் பாத்துக்கறேன்" என்றாள். பழைய டிரெய்லர் ஒன்றையும் அதை இழுக்க ஒரு பிக்கப் வண்டியையும் தேடிப் பிடித்தார்கள். அன்றே ஓர் ஒப்பந்தமும் ஆயிற்று. அவள் கட்டும்போது அவர் மூக்கை நுழைக்கக்கூடாது. அவர் ஓட்டும்போது அவள் வாயைத் திறக்கக்கூடாது. இருவரும் அதை மீறியதில்லை. வேகத்தடை வரும்போது மட்டும் அவள் தொண்டையைச் செருமுவாள். அது பேச்சில் சேராது என்பது அவள் கட்சி.

முதல் இரண்டு வருஷம் போகிற இடமெல்லாம் அவளைச் சாப்பாட்டுக்கூடை தூக்கிக்கொண்டு துணைக்கு வந்தவளாகத்தான் பார்த்தார்கள். ஒரு வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "கட்டுற ஆளு எப்பம்மா வருவாரு?" என்று அக்கறையாகக் கேட்டார். "வந்தாச்சு, தண்ணியும் குடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினாள். அந்த வீட்டுக்காரர் பிறகு அவளைத் தவிர வேறு யாரையும் தன் கார்களைத் தொடவிட்டதில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் கட்டிய கார் எதுவும் ஒரு விரல்கடை நகர்ந்ததில்லை. அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நான்கு பெல்ட்டையும் இறுக்கியபிறகு சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, ஒவ்வொன்றிலும் பெல்ட்டின்மேல் தொடங்கி ராட்செட்டின் இரும்பில் முடிகிறமாதிரி ஒரு கோடு போடுவாள். பெல்ட் ஒரு நூல் நழுவினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு போட்டபின் வண்டியை ஒரு முறை சுற்றி வருவாள். புறப்பட்டு எட்டாவது கிலோமீட்டரில் கணவர் தானாகவே நிறுத்த, அவள் இறங்கி மறுபடி பார்ப்பாள். எட்டுக்குள் இளக வேண்டியதெல்லாம் இளகிவிடும், அதற்குமேல் பயமில்லை என்பது அவள் கணக்கு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மூன்று மாதம் முன்புவரை.

முதலில் வலது கை கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போயின. தூங்கி எழுந்தால் கை தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. பிறகு ராட்செட்டின் கடைசி இழுப்புகளில் பிடி நழுவத் தொடங்கியது. தையல்கடைக்குப் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்யவேண்டும், அதன்பிறகு பல மாதங்கள் எதையும் இழுக்கக்கூடாது, பழைய பலம் திரும்புமா என்று இப்போது சொல்லமுடியாது என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. சீட்டை வாங்கிவந்து சாக்பீஸ் டப்பாவின் அடியில் ஒளித்துவைத்தாள். ஒப்பந்தப்படி அவர் தொடாத பொருள் அது ஒன்றுதான்.

மூன்று மாதத்தில் ஐந்து முறை தையல்கடைக்குப் போயாயிற்று. "அந்தத் துணிய தைக்கறாங்களா, இல்ல நெய்யறாங்களா?" என்று ஒருநாள் கணவர் கேட்டுவிட்டார். அவள் பேச்சை மாற்றினாள்.

சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நாம் கேட்கலாம். அவளுக்குக் குறைகிற இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். கை போனால் கட்டுகிற வேலை போகும். அவர் வேறு ஆளை வேலைக்கு வைப்பார், வைத்துத்தான் ஆகவேண்டும். அவள் மறுபடி சாப்பாட்டுக்கூடை தூக்கி வந்தவளாகிவிடுவாள். 

பல் டாக்டரின் கார் வேலை வந்தது அப்போதுதான்.

டாக்டர் நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் பல் பிடுங்கி ஓய்ந்தவர். மனைவி போனபின் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார். நான்கு மணிநேரப் பயணம். சாமான்களெல்லாம் முதல் நாளே லாரியில் போய்விட்டன. காலியான வீட்டில் அவரும், இரண்டு நாற்காலியும், ஷெட்டில் அந்தக் காரும்தான் மிச்சம். அவரைவிட நாலைந்து வயது மூத்த கார். மடக்கும் துணிக்கூரை, மெல்லிய கம்பிகள் போட்ட சக்கரங்கள், பெரிய உருண்டை ஹெட்லைட் இரண்டு. கருநீல வண்ணத்தில் குனிந்து முகம் பார்த்துக்கொள்ளலாம்.

காலை எட்டு மணிக்கு டிரெய்லர் வாசலுக்கு வந்ததும் முடிச்சக்கா முதலில் டிக்கியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஒரு அட்டைப்பெட்டி. பெட்டி நிறைய வெள்ளை வெள்ளையாய்ப் பற்கள்.

"என்ன டாக்டர் இது?"

"பல் அச்சும்மா. மாவுல எடுத்தது. எல்லாம் என் பேஷண்டுங்க."

"இவங்களும் கூட வராங்களா?"

"தூக்கிப்போட மனசு வரல" என்றார் டாக்டர் கூச்சத்துடன்.

"வரட்டும். ஆனா காருக்குள்ள ஆடுற சாமான் ஒண்ணும் இருக்கக்கூடாது. மடியில வச்சுக்குங்க." டாக்டர் பெட்டியைக் குழந்தையைப்போல வாங்கிக்கொண்டார்.

பெட்ரோல் குழாயை மூடினாள். பேட்டரி வயரைக் கழற்றினாள். கூரையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். "கவர் போட்டு மூடலையாம்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "காத்துல கவர் அடிச்சு அடிச்சு பெயின்ட உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆக்கிடும். அது வெறும் உடம்போடயே வரட்டும்" என்றாள். டிரெய்லரின் முன்னால் இருந்த, கம்பி சுற்றி இழுக்கும் விஞ்ச்சில் காரை மாட்டி, அங்குலம் அங்குலமாக ஏற்றினாள். எஞ்சின் பாரம் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்கவேண்டும். நின்றது. ஹேண்ட்பிரேக், கியர், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. பிறகு விஞ்ச்சைக் கழற்றினாள். கணவர் இதற்குள் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்.

"பம்பர்ல கட்டுவீங்களா?" என்றார் டாக்டர்.

"பம்பர் மூக்குத்தி மாதிரி டாக்டர். அதப் பிடிச்சு யாராவது ஆளத் தூக்குவாங்களா? சக்கரத்து அச்சுலதான் கட்டணும். அதுதான் எலும்பு."

அச்சில் முதலில் தடித்த துணி உறையைச் சுற்றி, பிரேக் குழாய் எதுவும் அகப்படாமல் பார்த்து, அதன்மேல் பெல்ட்டைப் போட்டாள். பின்பக்கம் இரண்டு பெல்ட், ஒன்றுக்கொன்று குறுக்காக. அவை இரண்டும் காரைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். பிறகு முன்பக்கம் இரண்டு. அவை முன்னால் இழுக்கும். முன்பக்கத்தை இறுக்கும்போதுதான் நான்கும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கார் நடுவில் அசையாமல் நிற்கும். முன்பக்கத்து இறுக்கத்தில்தான் உயிரே இருக்கிறது.

டாக்டர் பெட்டியை அணைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றினார். ராட்செட்டை எட்டிப் பார்த்து, "இதுக்கும் பல்லு இருக்கா!" என்று குஷியானார். எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அவளும் சொன்னாள். வேலையில் ஆர்வம் காட்டுகிறவர்களை அவளுக்குப் பிடிக்கும்.

மூன்றாவது பெல்ட்டில் கை தகராறு செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நான்காவதில் விரல்கள் தாமாகவே திறந்துகொண்டன. டாக்டர் பக்கம் முதுகைத் திருப்பி, இடது கையையும் சேர்த்து, தோளைக் கொடுத்து, கடைசி நாலு டிக்கையும் ஏற்றினாள். முன் டயர்கள் அடியில் லேசாகப் பிதுங்கின. பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்று கிரீச்சென்றது. டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

"இவ்ளோ இறுக்கணுமாம்மா? வலிக்காது?"

"யாருக்கு?"

டாக்டர் காரின் ஹெட்லைட்டைப் பார்த்தார்.

சாக்பீஸ் கோடுகள் போட்டு முடித்ததும் அவள் வழக்கம்போல வண்டியைச் சுற்றி வரவில்லை. கை முழங்கை வரைக்கும் மரத்துப் போயிருந்தது. "முகம் கழுவிட்டு வரேன்" என்று வீட்டுக்குள் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து மணிக்கட்டை அதன் கீழே பிடித்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. வெளியே வந்தபோது, கணவர் தெருமுனைக் கடையிலிருந்து வாங்கிவந்த இரண்டு கப் காபியில் ஒன்று சமையலறை மேடையில் இருந்தது. இன்னொன்றை அவர் குடித்துக்கொண்டிருந்தார். "டாக்டர் எங்க?" என்றாள். "வெளிய வண்டிகிட்ட நிக்கறாரு. வீட்டுக்கு டாட்டா சொல்றாரு போல" என்றார் அவர். நேரமாகிவிட்டது என்று ஏறி உட்கார்ந்தார்கள். நடுவில் அவள், ஜன்னலோரம் டாக்டர், அவர் மடியில் ஊர்ப் பற்கள்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு நீண்ட மேடு. அதில் ஏறும்போது பின்னால் எங்கோ ஒரு முறை தட்டென்று கேட்டது. கணவர் கண்ணாடியைப் பார்த்தார். அவள் தொண்டையைச் செருமவில்லை, வேகத்தடையும் அங்கே இல்லை. மேட்டின் உச்சியைத் தாண்டிச் சமதரைக்கு வந்ததும் எட்டாவது கிலோமீட்டர். ஓரம் அகலமாக, ஒரு மரத்தடி இருந்தது. நிறுத்தினார்.

அவள் இறங்கி முன்பக்க இடது பெல்ட்டைப் பார்த்தாள். கோடு உடைந்திருந்தது.

ஒரு நூல், இரண்டு நூல் இல்லை. பெல்ட்டில் இருந்த கோட்டுக்கும் இரும்பில் இருந்த கோட்டுக்கும் மூன்று விரல் இடைவெளி.  வலப்பக்கம் ஓடினாள். அங்கேயும் அப்படித்தான். பின்பக்கம் போனாள். கோடுகள் ஒட்டியபடியே இருந்தன. பெல்ட்டுகள்தான் தொய்ந்து தொங்கின. கார் நான்கு விரல் பின்னுக்கு வந்து மரக்கட்டைமேல் சாய்ந்து நின்றது. அந்தக் கட்டையும் ஹேண்ட்பிரேக்கும்தான் மேடு முழுக்க அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. இன்னொரு மேடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் நினைக்க விரும்பவில்லை. ஆனாலும் நினைத்தாள்.

டிரெய்லரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பத்தொன்பது வருஷம்.

வழக்கத்தைவிட நேரமாவதைப் பார்த்து கணவர் இறங்கி வந்தார். எட்டாவது கிலோமீட்டரில் அவர் இறங்குவது இதுதான் முதல் தடவை. டாக்டர் சீட்டிலேயே இருந்தார்.

"என்ன முடிச்சு?"

"நகந்துடுச்சு."

"எது?"

"கார்தான். என் கை நழுவிடுச்சுங்க. கடைசி பல்லு சரியா விழல போல." அழக்கூடாது என்று நினைத்தாள். குரல் சொன்னபேச்சு கேட்கவில்லை. "மூணு மாசமாவே கை சரியில்ல. பிடி நிக்கல. நரம்பு நசுங்கிப்போச்சாம். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. சீட்டு சாக்பீஸ் டப்பாக்குள்ள இருக்கு."

அவர் அவள் கையைப் பார்த்தார்.

"அப்போ அந்தத் தையல்கடை?"

"ஆஸ்பத்திரி."

"அஞ்சு தடவையும்?"

"அஞ்சும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். கோபம் வந்தால் அவர் கத்துகிற ஆள் இல்லை; ஏதாவது ஒன்றைப் பார்க்கப் போய்விடுவார். அப்படித்தான் இப்போதும் முன்பக்கம் போய், பெல்ட்டின் பக்கத்தில் குனிந்து நின்றார். நின்றவர் நிமிரவில்லை.

"முடிச்சு, இங்க வா. இது என்ன?"

"என்ன?"

"நீ வால மடிச்சு அடியில சொருகுவ. நாலு மடி. கடைசி மடிய உள்பக்கமா திருப்பி விடுவ. இங்க யாரோ முடிச்சு போட்டிருக்காங்க."

அவள் வந்து பார்த்தாள். பதற்றத்தில் கோட்டை மட்டும் பார்த்தவள் வாலைப் பார்க்கவில்லை. பெல்ட்டின் மிச்சம் சுருட்டப்பட்டு, மெல்லிய வெள்ளை நூலால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. சின்னஞ்சிறு முடிச்சு. நூலின் முனைகள் இரண்டும் ஒரே அளவில் கத்தரிக்கப்பட்டிருந்தன. ஈறு கிழிந்தால் போடுகிற தையல்.

முடிச்சைவிட அவளைத் திகைக்கவைத்தது வேறொன்று. கடைசி மடியை உள்பக்கம் திருப்புவாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பேப்பருக்குப் பின்னால் இத்தனை வருஷமும் அவர் என்ன படித்துக்கொண்டிருந்தார்?

அதைக் கேட்க நேரமில்லை. "டாக்டர், கொஞ்சம் இறங்கி வரீங்களா?" என்று கணவர் குரல் கொடுத்தார்.

டாக்டர் பெட்டியோடு இறங்கி வந்தார். முடிச்சைக் காட்டியதும் அவர் முகத்தில் முதலில் ஒரு பெருமை வந்தது. "காத்துல படபடன்னு அடிக்கக்கூடாதுன்னுதான். ரெண்டு பக்கமும் ஒரே அளவா தளத்தினேன், அளந்து பாத்தேன்" என்றார். பிறகு கார் நின்ற இடத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். பெருமை இறங்கிவிட்டது.

"நீங்களா தளத்தினீங்க?" என்றாள்.

"வாயத் திறன்னதும் திறந்துட்டு, வலிக்குதுன்னு சொல்லமுடியாம கண்ணாலயே நம்மளப் பாப்பாங்கம்மா பேஷண்டுங்க. நாப்பது வருஷம் அந்தக் கண்ணப் பாத்தவன் நான். இந்த ஹெட்லைட் ரெண்டும் அப்படியே பாத்துச்சு. மனசு கேக்கல."

முடிச்சக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "நீங்க ஒருத்தருக்குப் பல்லு கட்டி அனுப்பினப்பறம் நான் போயி அவர் வாயில கைய விட்டு ஆட்டினா சும்மா இருப்பீங்களா? அது நகந்து ரோட்டுல விழுந்திருந்தா? பின்னால ஒரு ஸ்கூட்டர் வந்திருந்தா? அச்சு எலும்புன்னு சொன்னேனா இல்லையா? எலும்ப இழுத்தா வலிக்குமா? வலிக்காம இருக்கணும்னு பாத்து ஆளக் கொல்லப் பாத்தீங்களே!"

டாக்டர் பெட்டியை மரத்தடியில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றார். "தப்புதாம்மா. தொட்டிருக்கக்கூடாது" என்றார். எழுபது வயது ஆள் அப்படி நிற்பதைப் பார்த்ததும் அவள் கோபம் பாதியில் நின்றது.

கணவருக்கோ முகமெல்லாம் வெளிச்சம். அவளைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனார். "பாத்தியா? உன் கை மேல தப்பே இல்ல. நீ கட்டின கட்டு இன்னிக்கும் நகரல. இப்ப நீ சொன்னியே, அது எதுவும் என் காதுல விழல. போய்க் கட்டு. வழக்கம்போல."

எவ்வளவு பெரிய மனசு! அவள் ஒளித்துவைத்ததை ஒளித்துவைத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடலாம் என்கிறார். அவளும் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அது பொய் என்று நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பது வருஷப் பெயர் அப்படிச் சுலபமாக விட்டுக்கொடுக்கிற சாமான் இல்லை. விஞ்ச்சால் காரைப் பழைய இடத்துக்கு முன்னிழுத்துவந்து, முன்பக்க வலது ராட்செட்டைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் விரல்கள் திறந்துகொண்டன. மறுபடி பிடித்தாள். மறுபடி திறந்தன.

கணவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பார்க்க எதுவும் இல்லை. பார்க்காத மாதிரி நிற்கிறார் என்பது தெரிந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் அவள் அவரிடம் நடித்தாள். இனி அவரும் அவளிடம் நடிக்கவேண்டும். இப்படியே எத்தனை வண்டி கட்டுவது?

ராட்செட்டை விட்டாள்.

"இன்னிக்கு கை மேல தப்பில்லதான்" என்றாள். "ஆனா கோடு போட்டப்பறம் நான் சுத்தி வரல. வந்திருந்தா அந்த முடிச்ச அங்கயே பாத்திருப்பேன். கைய மறைக்கறதுக்காக உள்ள போயி வெந்நீர்ல வச்சுக்கிட்டு நின்னேன். அவர் தளத்தினார், நான் பாக்கல. ரெண்டும் சேந்துதான் கார் நகந்துச்சு."

அவர் திரும்பினார்.

"இங்க வாங்க. நீங்க இழுங்க."

"நானா? ஒப்பந்தம்?"

"அத அப்பறம் பேசிக்கலாம். வாங்க."

அவள் கையுறை அவர் கைக்கு நுழையவில்லை. வெறுங்கையாலேயே பிடித்தார். ஓட்டுவதில் அத்தனை பூப்போன்ற கை, இதில் முரட்டுத்தனமாக வேலை செய்தது. ராட்செட் அலறியது.

"போதும் போதும்! இழுக்கச் சொன்னா பிடுங்கறீங்களே!"

"பிடுங்கறது நம்ம டிபார்ட்மென்ட்" என்று மரத்தடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். டாக்டர் இன்னும் கொஞ்சநேரம் குற்றவாளியாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

முழுக்கத் தளர்த்தி முதலிலிருந்து தொடங்கினார்கள். பின்பக்கம் முதலில். அவள் இடது உள்ளங்கையைப் பெல்ட்டின்மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிக்கையும் எண்ணினாள். பெல்ட் எந்த இடத்தில் கெட்டியாகிறது, எந்த இடத்தில் அதிர்கிறது என்பதை அந்தக் கை சொன்னது. "மெதுவா. இன்னொண்ணு. நிறுத்துங்க. அந்தப் பக்கம் போயி ரெண்டு. இங்க வந்து ஒண்ணு." அவர் சொன்னபடி வந்தார், போனார். நெற்றி வியர்த்தது. இத்தனை வருஷம் இதைச் செய்துவிட்டா அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சும்மா வந்தாள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்கவேண்டும். மூச்சு வாங்க அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். முன்பக்கம் கடைசி டிக் விழுந்தபோது டயர்கள் அடியில் லேசாகப் பிதுங்கின. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அது அவரால் முடிந்த உதவி.

வாலை மடிப்பதற்கு அவள் கையை நீட்டுமுன் அவரே மடித்தார். நாலு மடி. கடைசி மடியை உள்பக்கமாகத் திருப்பிச் சொருகினார்.  இடது கையால் சாக்பீஸ் கோடு போட்டாள். கொஞ்சம் கோணலாக வந்தது. பிறகு வண்டியைச் சுற்றி வந்தாள்.

மறுபடி எட்டுக் கிலோமீட்டரில் நிறுத்தி, இருவரும் இறங்கிப் பார்த்தார்கள். டாக்டர் தன் இரண்டு கைகளையும் வெளியில் தெரியும்படி பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு சீட்டிலேயே இருந்தார். கோடுகள் அப்படியே இருந்தன.

பிற்பகல் இரண்டு மணிக்கு மகள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். மகள் அகலமான கேட்டைத் திறந்துவிட்டு, அப்பாவை அணைத்துக்கொண்டு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு டிரெய்லரைச் சுற்றி வந்தாள். வழியெல்லாம் குண்டும் குழியும்தான் என்று அவளுக்குத் தெரியும். கார் ஏற்றிய இடத்திலேயே, பூட்டியமாதிரி நின்றது. நான்கு கோடுகளும் கோணலாக, ஆனால் முழுசாக இருந்தன.

"அசையவே இல்லையே!" என்றாள். வியர்த்து நின்ற கணவரின் சட்டையையும், அவர் உள்ளங்கையில் பதிந்திருந்த சிவந்த தடத்தையும் பார்த்தாள். "நல்லா கட்டியிருக்கீங்கண்ணா."

முடிச்சக்கா குனிந்து மரக்கட்டையை எடுப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வார்த்தைக்குத்தான் மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"நான் கட்டலம்மா" என்றார் அவர். "கட்டினது இவங்க. கை மட்டும் என்னுது."

அவள் கட்டையை எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, "பேசிக்கிட்டே நிக்காதீங்க, பின்பக்கத்துலேருந்து அவுத்துவிடுங்க" என்றாள்.